"என்ட முகத்தைப் பார்க்கிறானே இல்ல": ஓட்டிசமும் கண்ணைப் பார்ப்பதும்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சில பெற்றோர் கூடுவோம். ஏறாவூரிலிருந்து ஒரு உம்மா வருவார், கல்முனைப் பக்கமிருந்து இரண்டு குடும்பங்கள், மற்றவர்கள் அக்கம்பக்கம். எல்லோர் வீட்டிலும் ஓட்டிசம் (பழகுவதும் கதைப்பதும் மற்றப் பிள்ளைகளைவிட வேறு மாதிரி வளரும் நிலை) உள்ள ஒரு பிள்ளை இருக்கிறது. என் மகனுக்கு 13 வயது. புதிதாக வருகிறவர்கள் முதலில் பேச்சைப் பற்றிக் கேட்பார்கள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் கேள்வி கண்ணுக்கு வந்துவிடும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. ஒரு பிள்ளையை வளர்த்தவள், கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தவள், அவ்வளவுதான்.

கூப்பிட்டால் வருகிறான், சொன்னதைச் செய்கிறான். கண்ணை மட்டும் பார்க்கிறான் இல்லை. ஏன்?

குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கின்றன. பிள்ளைக்குப் பிள்ளை அளவு மாறும்.

ஒன்று, தாங்க முடியாமல் இருப்பது. எதிரே நிற்பவரின் கண் நம்மில் பெரும்பாலானோருக்குச் சாதாரண விஷயம். ஓட்டிசம் உள்ள பலருக்கு அது பாசிக்குடா மணலில் உச்சி வெயிலுக்கு நிமிர்ந்து பார்ப்பது போல. மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. "இதைக் கவனி, ஆபத்தாக இருக்கலாம்" என்று மணி அடிக்கும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. 2005இல் வெளியான ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், ஓட்டிசம் உள்ளவர்கள் ஒரு முகப்படத்தின் கண்களை எவ்வளவு கூடுதலான நேரம் பார்த்தார்களோ, அமிக்டலாவும் அவ்வளவு கூடுதலாகக் கிளர்ந்தது. 2017இல் நுஷின் ஹஜிகானியும் குழுவினரும், முகத்தின் கண் பகுதியிலேயே பார்வையை நிறுத்தி வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். மூளையின் ஆழத்தில் முகங்களைக் கவனிக்கும் பகுதிகள், மற்றவர்களைவிட ஓட்டிசம் உள்ளவர்களிடம் அளவு மீறி வேலை செய்தன. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வது வெக்கைக்கு யன்னலைச் சாத்துவது போன்ற வேலை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு, ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய முடியாமை. முகம் சும்மா இருக்கும் பொருள் இல்லை. புருவம் அசைகிறது, கண் சுருங்குகிறது, வாய் ஒரு பக்கம் போகிறது. இதை வாசித்துக்கொண்டே காதுக்கு வரும் சொற்களுக்கும் பொருள் பிடிக்க வேண்டும். இதுபற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

மூன்று, கண் அவனை இழுக்காமலே இருப்பது. இதைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள். வாரன் ஜோன்ஸ், ஆமி கிளின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கைக்குழந்தைகளை இரண்டு மாத வயதிலிருந்து தொடர்ந்து பார்த்து 2013இல் எழுதினார்கள். பிற்காலத்தில் ஓட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகள்கூட இரண்டு மாதத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே கண்களைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில்தான் அது மெல்ல மெல்லக் குறைந்தது. அதே குழுவினர் 2017இல் இரண்டு வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, பார்வை கண்ணுக்குக் கொண்டுபோகப்பட்டதும் அவர்கள் பயந்து விலகவில்லை. கண்ணில் முக்கியமான செய்தி இருக்கிறது என்பதே அவர்களுக்குப் படவில்லை போலிருந்தது.

அப்போ சுடுகிறதா, கண்டுகொள்ளவில்லையா? ஆய்வாளர்களே இதில் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். என் மகனை வைத்துச் சொன்னால், சிறு வயதில் அவன் கண்டுகொள்ளவில்லை, ஏழு எட்டு வயதுக்குப் பிறகு அவனுக்குச் சுட்டது. ஒரே பிள்ளையில் இரண்டும் இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

பார்க்காமல் எப்படிக் கேட்பான்? கவனிக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? நிலவுள்ள இரவில் தோணியில் போய் வாவியில் மீன் பாடுவதைக் கேட்பவர்கள் என்ன செய்வார்கள்? துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து, மறு நுனியில் காதை ஒட்டுவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள்.

இன்னொன்று செய்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 247இல் 68 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். விடை சொல்வதற்கு முன் அவருடைய கண் கூரைக்கோ தரைக்கோ போகும். யோசிக்கும்போது எல்லோருமே முகத்தை விட்டு விலகுகிறோம். பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், கேள்வி கடினமாக ஆக ஆக இந்த விலகலும் கூடுகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் அதையேதான் செய்கிறார்கள். நமக்குக் கணக்கு எவ்வளவு கடினமோ, அவர்களில் சிலருக்குச் சும்மா கதைப்பதே அவ்வளவு கடினம்.

ஓட்டிசம் உள்ள பெரியவர்களும் பதின்ம வயதினரும் இணையத்தில் தாங்களே எழுதியவற்றைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வும் 2017இல் வந்தது. யாரோ தங்களுக்குள் அத்துமீறி நுழைவது போல இருக்கிறது என்றும், உடம்பே கலவரப்படுகிறது என்றும், பார்க்கப் போனால் கேட்பது நின்றுவிடுகிறது என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

கவனிக்கிறானா என்று அறிய வேறு வழிகள் உண்டு. என் மகன் கவனிக்கும்போது கால் ஆட்டுவது நின்றுவிடும். ஏறாவூர் உம்மாவின் மகள் நாங்கள் சொன்ன கடைசிச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொல்வாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடையாளம் இருக்கும். கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

"மரியாதை தெரியாத பிள்ளை" என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னியுங்கள். பெரியவர்களின் கண்ணை நேரே பார்ப்பதை நாங்கள் எப்போது மரியாதை என்று சொன்னோம்? என் அப்பா அவருடைய அப்பாவிடம் பேசும்போது முற்றத்து மணலைப் பார்த்துத்தான் பேசுவார். நிமிர்ந்து பார்த்தால் "என்ன முறைக்கிறாய்?" என்று விழும்.

உண்மையில் நாங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு சட்டம் வைத்திருக்கிறோம். கேள்வி கேட்டால் முகத்தைப் பார், ஏசினால் தலையைக் குனி. எந்த நேரத்தில் எந்தச் சட்டம் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் குரலை வைத்தே பிடித்துக்கொள்வார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இந்த எழுதாத சட்டம்தான் விளங்காது. என் மகனுக்கு "பார், பார்" என்று பயிற்சி கொடுத்திருந்த காலத்தில் பெரியப்பா ஒருமுறை அவனை ஏசினார். சொல்லிக் கொடுத்தபடியே கண் இமைக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கும் சேர்த்து அடி விழுந்தது.

சொந்தக்காரருக்கு நான் சொல்வது இதுதான்: "அவனுக்கு முகத்தைப் பார்த்தால் காது அடைக்கும் மாமி. பார்க்காமல் இருந்தால்தான் நீங்கள் சொல்வது விளங்கும்." சரியான விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாமிக்கு விளங்கியது. டேமியன் மில்டன் என்ற, தானே ஓட்டிசம் உள்ள ஓர் ஆய்வாளர், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார். அவர்களுக்கு நம்மை வாசிக்கத் தெரியவில்லை என்கிறோம், நமக்கும்தான் அவர்களை வாசிக்கத் தெரியவில்லை. மாமிக்கு அதையும் சொல்லிப் பார்த்தேன், அது எடுபடவில்லை.

நேர்சரி மிஸ் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்புகிறார். விடலாமா?

விடாதீர்கள். என் மகனுக்கும் நடந்தது. ஒரு முன்பள்ளியில், நல்ல மனதோடுதான், ஒவ்வொரு காலையும் நாடியைப் பிடித்து "குட் மோர்னிங் சொல்லு, என்னைப் பார்த்துச் சொல்லு" என்று நிற்க வைத்தார்கள். மூன்றாவது கிழமை அவன் சப்பாத்தைக் கண்டாலே அழத் தொடங்கினான். காரணம் எனக்கு விளங்க இன்னும் ஒரு மாதம் போனது. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசையும்.

சண்டைக்குப் போகத் தேவையில்லை. ஆசிரியருக்கு வேண்டியது பிள்ளை கவனிக்கிறது என்ற உறுதி. அதற்கு மாற்று ஒன்றைக் கொடுங்கள். பெயர் சொன்னதும் கை உயர்த்தட்டும், அல்லது மேசையில் இருக்கும் புத்தகத்தைப் பார்க்கட்டும். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். காட்ட வேண்டிய படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்காமல், பிள்ளையின் பார்வை போகும் இடத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அடுத்த பள்ளிக்கூடத்தில் தரம் 1இல் அவனுக்கு வந்த டீச்சர் இதை மட்டும் செய்து, ஒரு தவணைக்குள் அவனை வாசிக்க வைத்தார்.

பயிற்சி கொடுத்தால் பழகிவிடுமே?

பழகும். கேள்வி அதுவல்ல. டொபி ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பார்த்தால் கொடுப்பது பழைய முறை. நானும் செய்தேன். பிள்ளை டொபிக்காகப் பார்க்கப் பழகினான், என் முகத்தில் இருந்து எதையும் எடுத்துக்கொள்ளப் பழகவில்லை. இப்படிப் பழக்கப்பட்டு வளர்ந்த பலர், ஒவ்வொரு உரையாடலிலும் "இப்போது பார்க்க வேண்டும், இத்தனை நொடி போதும், இப்போது விலக வேண்டும்" என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பதாகவும், வீட்டுக்குப் போனதும் ஒன்றும் செய்ய முடியாமல் விழுந்து கிடப்பதாகவும் சொல்கிறார்கள்.

சிறு பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, அவனுக்குப் பிடித்ததை விளையாடி, உங்கள் முகம் அவன் பார்வை படும் உயரத்தில் சும்மா இருக்கும்படி செய்வது வேறு விஷயம். அதில் கட்டாயம் இல்லை. அவன் பார்த்தால் சிரியுங்கள், பார்க்காவிட்டாலும் விளையாட்டு நடக்கட்டும். இதற்கு நான் முழு ஆதரவு.

கண்ணைப் பார்க்காவிட்டால் அது ஓட்டிசம்தானா?

இல்லை. கூச்சம், பயம், காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, வீட்டில் நடந்த ஏதோ ஒரு அதிர்ச்சி, எதுவாகவும் இருக்கலாம். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட ஊர் இது. அந்தக் காலத்தில் முகம் பார்க்க மறந்துபோன பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலில் காதைச் சோதியுங்கள், மறுகா மற்றதை யோசிக்கலாம்.

லியோ கன்னர் என்ற வைத்தியர் 1943இல் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே, முகங்களை நிமிர்ந்து பார்க்காத பிள்ளையைப் பற்றிக் குறித்திருக்கிறார். அதனால்தான் கண்ணும் ஓட்டிசமும் நம் மனதில் இப்படி ஒட்டிக்கொண்டன. ஆனால் இன்று வைத்தியர்கள் கண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்குப் பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாளில் 20 கேள்விகள் உண்டு, கண்ணைப் பற்றியது அதில் ஒன்றே ஒன்று. விரலால் சுட்டிக் காட்டுகிறானா, நீங்கள் காட்டினால் அந்தப் பக்கம் பார்க்கிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா, தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறானா, இவையெல்லாமும் அதில் கேட்கப்படுகின்றன.

இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. தாய்மார் கேள்வித்தாளுக்குச் சொன்ன பதிலை மட்டும் நம்பினால் பல பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. "பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்குமா?" என்று மிட்வைஃப் கேட்டால் எந்த அம்மா இல்லை என்பாள்? நானும் "ஓம், பார்ப்பான்" என்றுதான் சொன்னேன்.

எங்கே போவது என்றால், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் (மிட்வைஃப்) தொடங்குங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார், அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ உங்களுக்குக் கிட்டிய பெரிய வைத்தியசாலைக்கோ பிள்ளை வைத்தியரிடம் போகலாம். "ஆண்பிள்ளை, கொஞ்சம் பிந்தித்தான் வரும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த நாளே போங்கள்.

என் மகள் நன்றாகக் கண்ணைப் பார்க்கிறாள். அப்போ அவளுக்கு ஓட்டிசம் இல்லைத்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. சிலர் நன்றாகவே பார்ப்பார்கள். சிலர் அளவுக்கு மீறிப் பார்ப்பார்கள். பெண்பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பின்பற்றி மறைத்துக்கொள்வது கூடுதல், அதனால் கண்டறிவதும் பிந்துகிறது. "அடக்கமான பிள்ளை" என்று நாங்கள் பாராட்டும் சில பெண்பிள்ளைகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு.

ஃபோன் பார்த்துத்தான் இப்படி ஆனானா?

இல்லை. ஃபோன் ஓட்டிசத்தை உண்டாக்காது. கன்னர் எழுதிய 1943இல் இப்படிப் பார்க்கிற ஃபோனே இருக்கவில்லை. சிறு பிள்ளைகளுக்கு ஃபோனைக் குறைப்பது நல்லதுதான், அது வேறு கதை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோடு வீடியோவில் என் மகன் நேரில் பேசுவதைவிட நன்றாகக் கதைப்பான். அங்கே யாருமே யார் கண்ணையும் பார்ப்பதில்லை, எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறோம். அவனுக்கு அது சமமான ஆடுகளம்.

கண்ணூறு பட்டிருக்குமோ? நூல் கட்டலாமா, ஓதிப் பார்க்கலாமா?

கட்டுங்கள், ஓதுங்கள், மாமாங்கம் கோயிலில் நேர்த்தி வையுங்கள். அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் மனம் ஆறும். கிளினிக் திகதியை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

என்னையே பார்க்கிறான் இல்லை. என் மேல் பாசம் இல்லையா?

இதைக் கேட்கும்போது எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள். ஒருமுறை ஒரு அப்பா கேட்டார், மீன்பிடிக்காரர், கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

பாசத்தைக் கண்ணில் தேடி நானும் சில வருடம் வீணாக்கினேன். என் மகன் நித்திரைக்குப் போகுமுன் தன் குதிக்காலை என் முழங்காலில் ஒட்டி வைப்பான். எனக்குக் காய்ச்சல் வந்த அன்று தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். மாலையில் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் வீட்டில் ஒரு கிழமை கதைக்காததையெல்லாம் கதைப்பான். முதுகுக்குப் பின்னால் இருந்து கதைப்பது அவனுக்குச் சுகம். அந்த மீன்பிடிக்காரர் இப்போது மகனைக் கல்லடிப் பழைய பாலத்துக்குத் தூண்டிலோடு கூட்டிப்போகிறார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாலத்தில் நிற்கும் மற்றவர்களும் அப்படித்தான், அங்கே யாரும் அந்தப் பிள்ளையை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

நாளைக்கு வேலைக்குப் போகும்போது என்ன செய்வான்?

நேர்முகப் பரீட்சை. பெயரிலேயே முகம் இருக்கிறது! வளர்ந்தவர்கள் சிலர் எதிரில் இருப்பவரின் நெற்றியையோ மூக்கின் மேற்பகுதியையோ பார்த்துச் சமாளிக்கிறார்கள். எதிரே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. விரும்பினால் சொல்லிக் கொடுங்கள், ஆனால் அது அவசரத்துக்குப் பிடிக்கும் குடையாக இருக்கட்டும், நாள் முழுக்கப் போட வேண்டிய சட்டையாக வேண்டாம். "எனக்கு முகத்தைப் பார்த்துப் பேசுவது கஷ்டம், ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லப் பழக்குவதே நல்லது. என் மகன் இதை ஒரு வசனமாகப் பாடமாக்கி வைத்திருக்கிறான்.

எனக்கு உண்மையான பயம் வேலையில் இல்லை, வீதியில். பொலிஸோ ஆமியோ மறித்துக் கேட்கும்போது கண்ணைப் பார்க்காமல் நிற்கும் இளைஞன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எங்கள் நாட்டில் எடுப்பார்கள். அதனால் அவனுடைய பையில், சிங்களத்திலும் தமிழிலும் ஓட்டிசம் என்று எழுதி, எங்கள் தொலைபேசி எண் போட்ட ஒரு மட்டையை எப்போதும் வைத்திருக்கிறோம். வைத்தியரின் கடிதத்தின் பிரதியும் கூட இருக்கிறது. பதின்ம வயது ஆண்பிள்ளை உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

உங்கள் மகன் இப்போது பார்க்கிறானா?

சில நேரம், ஒள்ளுப்பம். போன மாதம் நீங்கள் எல்லோரும் வந்திருந்தபோது நான் தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேன், நினைவிருக்கிறதா? முதலில் குடித்தவன் அவன்தான். ஒரு வாய் குடித்தான், கோப்பையை வைத்தான், நேரே என் கண்ணைப் பார்த்தான். ஒரு நொடி இருக்கும். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் குடிப்பதற்காகப் பேசாமல் காத்திருந்தான்.